மணி அடிக்காத போன்

முதலாளிக்குக் காத்திருக்கத் தெரியாது. லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டார், படியேறி மூச்சு வாங்குவார். டீ ஆறக் காத்திருக்க மாட்டார், நாக்கைச் சுட்டுக்கொண்டு டீ போட்டவரைத் திட்டுவார். அப்படிப்பட்ட மனிதர், ஒரு போன் மணி அடித்து அடித்து யாராவது வந்து எடுக்கும்வரை சும்மா இருப்பாரா? அதனால்தான் அந்த ஆபீசில் மேசை போன்கள் மணி அடிப்பதில்லை.

புதுப் போன்கள் வந்தபோது, மாட்ட வந்த கம்பெனிக்காரனிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "நான் நம்பரை அழுத்தினா அந்த மேசையில என் குரல் கேக்கணும். அவன் எடுக்கிறானா இல்லையாங்கிறது எனக்குத் தேவையில்ல." கம்பெனிக்காரன் தலையைச் சொறிந்தான். ஒரு செட்டிங்கைப் போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து எந்த மேசையிலும் எந்நேரமும் போன் தானாக வாய் திறக்கும். "என்னய்யா பண்றே?" என்று முதலாளி குரல் வரும். பில் போடுகிறவர் ஒருநாள் ரொட்டியைக் கடித்த வாயோடு எழுந்து நின்று, "வேலைதான் சார்" என்றார். "வாயில என்ன?" என்றது போன். அதற்குப் பிறகு எல்லோரும் போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள், அதற்குக் கண் இல்லை என்று தெரிந்தும்.

ஆபீசின் கம்ப்யூட்டர்களையும் ஒயர்களையும் பார்த்துக்கொள்கிறவனைக் கேபிள் என்று கூப்பிட்டார்கள். ஆள் நீளம், ஒல்லி, தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர். பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. காய்ச்சல் என்று படுத்தாள். வெறும் காய்ச்சல்தானே என்று எல்லோரும் சொன்னார்கள், டாக்டரும் சொன்னார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. கேட்டவர்களிடமும் அவ்வளவுதான் சொன்னான்.

அவன் அழவில்லை. அழாததை எல்லோரும் பார்த்தார்கள். அழுதிருந்தாலும் பேசியிருப்பார்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காலையில் எழுந்தான். ஒரு தட்டைக் கழுவினான். பஸ் ஏறினான். வேலை பார்த்தான். திரும்பி வந்து அதே தட்டைக் கழுவினான். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். தூங்கினியா என்றால் தூங்கினேன். கேள்வி வந்தால் பதில் போகும். உள்ளே யாரும் எழுந்து வந்து பதில் சொல்லவில்லை.

அந்த ஆபீசில் அவனுக்கு உறவு என்று ஒருவர் உண்டு. மச்சான். அவளுடைய அண்ணன். ரேட்டுப் போடுகிற வேலை.

கம்பெனி லாரிக் கம்பெனி. பெரிய தொழிற்சாலைகள் வருஷ ஒப்பந்தத்துக்கு ரேட்டுக் கேட்கும். ஒட்டிய உறையில் கொடுக்க வேண்டும். யார் ரேட்டுக் குறைவோ அவர்களுக்குச் சரக்கு. முதலாளி எதையும் முன்கூட்டி எழுத விட மாட்டார். "எழுதினா திருடுவான். மெயில் அனுப்பினா திருடுவான். சுவருக்கும் காது இருக்கு" என்பார். உறை கொடுக்கும் நாள் காலையில் மச்சானை மாடியறைக்குக் கூப்பிடுவார். கதவைச் சாத்துவார், ஜன்னலைச் சாத்துவார். இரண்டு பேரும் வாய்க்கணக்காகவே பேசி ஒரு ரேட்டுக்கு வருவார்கள். அதை அங்கேயே எழுதி, ஒட்டி, மச்சான் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

அப்படியும் வரிசையாக மூன்று ஒப்பந்தம் கைநழுவிப் போனது. மூன்றும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் போட்டிக் கம்பெனிக்குப் போனது. ஒவ்வொரு முறையும் மயிரிழை. நம் ரேட்டுக்கு ஒரு படி கீழே, ஒரே ஒரு படி. முதல் தடவை அதிர்ஷ்டம் என்று விட்டார்கள். மூன்றாம் தடவை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. உள்ளே இருந்து யாரோ கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

"கேபிள், மேல வா" என்றது அவன் மேசை போன்.

போனான். முதலாளி அறையில் மேசை, நாற்காலி, இரும்பு அலமாரி. மேசையோரத்தில் போன். அதன்மேல் கருஞ்சிவப்பு வெல்வெட் உறை. முதலாளியின் மனைவி தைத்தது. வீட்டில் டிவிக்குத் தைத்தார், மிக்ஸிக்குத் தைத்தார், துணி மீந்தது, ஆபீஸ் போனுக்கும் ஒன்று தைத்துவிட்டார். முதலாளி யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் உறையைத் தூக்குவார். திட்டி முடித்ததும் தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோலப் போர்த்திவிடுவார். அவரை அந்தப் போனில் கூப்பிட யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆகவே அது பெரும்பாலும் போர்வைக்குள்ளேயே கிடக்கும்.

"உன் மச்சானோட மெயில் எல்லாத்தையும் பாரு. பாத்துட்டு எங்கிட்ட சொல்லு."

கேபிள் நின்றான்.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சார்."

"உறவுன்னு பாக்காதே. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். இந்த ரூம்ல பேசறது ரெண்டே பேரு. ஒருத்தன் நான். என்னை நானே வித்துக்குவேனா?"

"இல்ல சார்."

"அப்போ?"

கேபிள் மறுக்கவில்லை. ஒருமாதிரித் தலையை ஆட்டினான். படியிறங்கும்போது யோசித்துப் பார்த்தான். மச்சானா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒருவரை நம்ப வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். சந்தேகப்பட ஒன்றும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அவன் சும்மா இருந்தான்.

மெயில்களைப் படித்தான். டயர் விலை. லாரி வாடகை. வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி வீட்டுக்காரருக்கு ஒன்று, ஒழுகுவது நிற்கவில்லை என்று இன்னொன்று. மூத்த பையன் பள்ளிக்கூடத்தில் எவனையோ கடித்துவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஹெட்மாஸ்டருக்கு ஒன்று. 'எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் கடித்ததில்லை' என்று எழுதியிருந்தார். கேபிள் அந்த வரியை இரண்டு முறை படித்தான். வேறொரு காலமாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் இதை ஒருத்தியிடம் சொல்லியிருப்பான். மெயிலை மூடினான்.

மதியம் மச்சான் சாப்பாட்டு டப்பாவோடு வந்து அவன் மேசையில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். தினமும் வருவார்.

"என்ன மாப்ளே, கண்ணு செவந்து கிடக்கு? ராத்திரியெல்லாம் படமா?"

"வேலை மச்சான்."

"உனக்கு என்ன பெரிய வேலை? ஒயரை இந்தப் பக்கம் பிடுங்கி அந்தப் பக்கம் சொருகறே. நாங்கள்லாம் மூளையைப் பிழியுறவங்க."

"பிழிஞ்சு பிழிஞ்சு மூணு தடவையும் சக்கைதானே வந்துச்சு" என்றார் பக்கத்து மேசையிலிருந்து பில் போடுகிறவர். சாறு எங்கே போச்சுன்னுதான் தெரியல என்று தனக்குத்தானே சொல்வதுபோல உரக்கவே சொன்னார்.

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் பேசுறாங்க, இல்ல?"

"பேசுறாங்க."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தோணல மச்சான்."

அது உண்மை. அவனுக்கு எதைப் பற்றியும் ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் மச்சான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். டப்பாவில் இருந்ததில் பாதியை அவன் தட்டில் தள்ளினார்.

"உனக்கு ஏதாவது கஷ்டம்னா எங்கிட்ட சொல்லு மாப்ளே. எதுவா இருந்தாலும் சரி. தப்பாவே இருந்தாலும் சரி."

"ஒண்ணும் இல்ல மச்சான்."

"இல்லன்னா நல்லது" என்று எழுந்து போனார். கேபிள் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் தெரியாது.

அடுத்த ரேட்டு உறை கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. அன்று காலையில், மெயிலில் ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகக் கேபிள் மாடிக்குப் போனான். முதலாளி உள்ளறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தமும் கனைப்பும் கேட்டது. கேபிள் மேசைக்கு முன்னால் நின்றான். ஜன்னல் சாத்தியிருந்ததால் அறை அரை இருட்டு. அந்த இருட்டில்தான் தெரிந்தது. வெல்வெட் உறையின் அடிவிளிம்பில் மெல்லிய பச்சை வெளிச்சம்.

உறையைத் தூக்கினான். ஸ்பீக்கர் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. சின்னத் திரையில் பேச்சு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் படியேறுவதற்கு வெகு முன்பே தொடங்கிய பேச்சு. வெளியிலிருந்து வந்த அழைப்பு என்றது திரை, முதலாளி யாரையும் கூப்பிடவில்லை. போனும் மணி அடிக்கவில்லை.

"யாரு?" என்றான்.

பதில் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் வெற்றிடம் இல்லை. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒருவர் மூச்சை அடக்குவது கேட்டது. பிறகு 'டக்'. பச்சை அணைந்தது.

படித்தவன் மூளைக்கு அதற்கு மேல் நேரம் தேவைப்படவில்லை. இந்தப் போன்கள் இன்டர்நெட்டில் தொங்குபவை. மாட்டிய கம்பெனிக்காரன், தன் இடத்திலிருந்தபடியே பழுது பார்ப்பதற்காக, வெளியிலிருந்து போன்களுக்கு வர ஒரு வழி திறந்து வைத்திருந்தான். திறந்தவன் தாழ்ப்பாள் வைக்கவில்லை. முதலாளிக்காகப் போட்ட அந்தச் செட்டிங்கை எல்லாப் போனுக்கும் ஒரே அச்சில் வார்த்திருந்தான், முதலாளி போனையும் சேர்த்து. யார் கூப்பிட்டாலும் போன் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும், மைக்கைத் திறந்து வைத்துக்கொள்ளும். முதலாளி கூப்பிட்டால் மட்டும் திற என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்க அந்தப் பச்சை விளக்கு ஒன்று இருந்தது. அதற்கும் போர்வை போட்டாயிற்று.

பாஸ்வேர்டு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. கேபிளிடம் அதைக் கொடுத்ததில்லை, போன் விஷயத்தில் நீ கைவைக்காதே என்பது ஏற்பாடு. மாட்டிய கம்பெனியின் பெயரையே அழுத்திப் பார்த்தான். திறந்துகொண்டது. வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அதுவாகத்தான் இருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கமும் நாங்கதான் மாட்டினோம் என்று கம்பெனிக்காரன் பெருமையடித்தது ஞாபகம் வந்தது. தன் வீட்டுச் சாவியே பக்கத்து வீட்டையும் திறக்கும் என்று அங்கே யாருக்கோ தெரிந்துவிட்டது.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"போனை ஏன் நோண்டுறே?"

"சார், இதுல யாரோ கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இப்பத்தான் வச்சாங்க."

"யாரு?"

"வெளியாளு. நீங்க இங்க பேசறது எல்லாம் அங்க கேக்கும்."

"மணி அடிக்கலையே."

"அடிக்காது சார். நீங்கதான் அடிக்க வேண்டாம்னு சொன்னீங்க."

"அது நான் கூப்பிட்டாடா. ஊரான் கூப்பிட்டா எப்படி எடுக்கும்?"

"போனுக்கு ஆள் தெரியாது சார்."

முதலாளி போனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். உறையை எடுத்துப் போர்த்தி, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு கதை. மச்சானைக் காப்பாத்த என் போனைத் திருடனாக்குறே. நாய் வித்த காசு குரைக்குமான்னு பாக்குறான் உன் மச்சான். அவனை மத்தியானம் கூப்பிட்டு முடிச்சுவிடறேன். இந்தத் தடவை ரேட்டை நானே போட்டுக்கறேன். நீ கீழ போ."

இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருக்கலாம். கீழே வந்து உட்கார்ந்தான். களைப்பாக இருந்தது. எப்போதும் இருக்கிற களைப்புதான். சொன்னோம், கேட்கவில்லை, நம் வேலை முடிந்தது என்று ஒரு குரல் சொன்னது. கொஞ்ச காலமாக அவன் வாழ்க்கையை நடத்திவருவது அந்தக் குரல்தான்.

ஆனாலும் மதியம் மச்சான் டப்பாவோடு வரவில்லை. போன் கூப்பிட்டு, அவர் மாடிப்படி ஏறுவது தெரிந்தது. ஏறும்போது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டே போனார். அது என்னவோ கண்ணை உறுத்தியது. கேபிள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான். முதலாளி போனை உள்ளே இருந்து கூப்பிட்டால் 'உன் வித்தைதானே' என்பார் அவர். தெருவிலிருந்து கூப்பிட்டால் என்ன சொல்வார்?

எதிரே பஸ் நிறுத்தம். கூரையில் ஓட்டை, பெஞ்சில் ஈரம். கடைப் பை வைத்திருந்த ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். தன் மொபைலின் இன்டர்நெட்டில் லேப்டாப்பைச் சேர்த்தான். இழுத்து இழுத்து வந்தது. காதில் மாட்டிக்கொண்டு முதலாளி போனைக் கூப்பிட்டான். மணிச்சத்தம் இல்லை. ஒரு சின்னச் சொடுக்கு. முதலாளி அறை முழுவதும் அப்படியே அவன் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. மின்விசிறி. நாற்காலி. மேசையில் பேனா தட்டும் ஓசை.

நேரே பேசிவிடத்தான் நினைத்திருந்தான். மச்சான் குரல் முந்திக்கொண்டது.

"எதை எழுதிக் குடுக்கறது சார்? செய்யாததை எப்படி எழுதறது?"

"சத்தம் போடாதே. போலீசுக்குப் போனா ஊர் சிரிக்கும். எனக்கும் அசிங்கம், உனக்கும் அசிங்கம். எழுதிக் குடுத்துட்டுப் போயிடு."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை..."

"சரிய்யா. நீ இல்லன்னே வச்சுக்குவோம். அப்போ மிச்சம் யாரு? எந்நேரமும் இந்த ரூமுக்கு வந்து போறவன் ஒருத்தன்தான். காலைல முகம் கழுவிட்டு வரேன், என் போனைத் திறந்து நோண்டிக்கிட்டு நிக்கறான். கேட்டா, யாரோ ஒட்டுக் கேக்கறாங்கங்கறான். யாரு? அவன்தானே?"

"அவனை இழுக்காதீங்க சார்."

"ஏன் இழுக்கக் கூடாது? பொண்டாட்டி போன ஆளு. எதுக்கும் துணிவான். ரெண்டு பேர்ல ஒருத்தர். நீ சொல்லு. இல்லன்னா ரெண்டு பேரையும் போலீஸே வந்து கேக்கட்டும்."

மின்விசிறி சுற்றியது. பஸ் ஒன்று வந்து நின்றது. "இது ஸ்டேஷனுக்குப் போகுமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். கேபிள் தலையசைத்தான், போகும் என்றா போகாது என்றா அவனுக்கே தெரியாது. அந்த அம்மா ஏறவில்லை.

"நான்தான் சார்" என்றார் மச்சான்.

"என்னது?"

"நான்தான் வெளியே சொன்னேன். அவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவன் பாவம், தன்னைத் தூக்கி நிறுத்திக்கிறதுக்கே அவனுக்கு நேரம் போதல. அவனை விட்டுடுங்க. பேப்பரைக் குடுங்க, எழுதறேன்."

வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகும். எழுந்து ஊன்றியதும் ஆயிரம் ஊசி குத்தும். அப்படி ஒரு குத்தல் கேபிளின் விலா எலும்புகளுக்கு நடுவில் எங்கோ கிளம்பியது. வலித்தது. நன்றாகவே வலித்தது. தன் பக்கத்து மைக்கைத் திறந்தான்.

"பொய்!"

பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. அங்கே மாடியறையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது.

"யாருய்யா அது?"

"அவர் சொல்றது பொய் சார். அவர் இல்ல."

"எங்கருந்துடா பேசறே?"

"உங்க போன்லருந்துதான் சார். உறையைத் தூக்குங்க."

துணி உரசும் சத்தம் காதை அடைத்தது.

"பச்சை எரியுதா?"

"எரியுது" என்றது மச்சானின் குரல், மெதுவாக.

"மணி அடிச்சுதா?"

"அடிக்கல."

"நான் எதிர் பஸ் ஸ்டாப்ல இருக்கேன். ஜன்னலைத் திறந்து பாருங்க."

மாடி ஜன்னல் திறந்தது. முதலாளியின் தலை வந்தது. பக்கத்தில் மச்சானின் தலை. கேபிள் கையைத் தூக்கிக் காட்டினான். கடைப் பை அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமல் கையைத் தூக்கினார்.

மேலே போனபோது முதலாளி உட்கார்ந்திருந்தார், விழுந்த நாற்காலியை நிமிர்த்தி. எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். இந்த முறை குறுக்கே பேசாமல் கேட்டார். சுவரைப் பார்த்தார். இத்தனை காலம் சுவரைத்தான் சந்தேகப்பட்டார்.

"அப்போ அந்தப் பக்கம் அவனுங்க ஆபீஸ்லயும் இதே போனா?"

"அநேகமா."

"இதே பாஸ்வேர்டா?"

"அநேகமா."

முதலாளியின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. குரல் குழைந்தது. "அப்போ தம்பி... நாமளும்?"

"மாட்டேன் சார்."

"முடியாதுன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. மாட்டேங்கறியே."

"முடியும். மாட்டேன்."

முதலாளி பெருமூச்சு விட்டார். மச்சான் பக்கம் திரும்பினார். "நீ ஏன்யா ஒத்துக்கிட்டே? பைத்தியமா உனக்கு?" அந்தப் பதிலுக்கும் அவர் காத்திருக்கவில்லை. "ரெண்டு பேரும் டீ சாப்பிடறீங்களா?" என்றார். அவர் வாழ்நாளில் கேட்ட ஒரே மன்னிப்பு அதுவாகத்தான் இருக்கும். பிறகு, ரேட்டு உறை போக வேண்டுமே என்று பதறி, மச்சானை இழுத்துக்கொண்டு முகம் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கொட்டக் கொட்ட இரண்டு பேரும் நின்றபடி ரேட்டுப் பேசினார்கள். சட்டைக்கை நனைய மச்சான் வெளியே வந்தார், உறையைக் காய்ந்த பக்கத்தில் பிடித்துக்கொண்டு போனார்.

கேபிள் முதலில் வெளிவழியை அடைத்தான். பிறகு மேசை மேசையாகப் போனான். ஒவ்வொரு போனையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, லேப்டாப்பில் அதைத் திறந்து, தானாக எடுப்பதை நிறுத்தி, ஆளுக்கொரு புது பாஸ்வேர்டு போட வேண்டும். அலுப்பான வேலை. பில் போடுகிறவரின் மேசையை முடித்துச் சோதனைக்குக் கூப்பிட்டபோது போன் கணகணவென்று அடித்தது. மனிதர் நாற்காலியோடு பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டார். "எடுங்க" என்றான் கேபிள். "எப்படி?" என்றார்.

எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிற சமயத்தில் மச்சான் திரும்பி வந்தார். உறை கொடுத்தாயிற்று. சட்டை காய்ந்திருந்தது. அவன் வேலை செய்கிற மேசையில் வழக்கம்போலப் பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

"நான்தான்னு நெனச்சியா மாப்ளே?"

கேபிள் போனைக் கவிழ்த்தான்.

"நெனச்சேன். உங்க மெயிலெல்லாம் படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"பெரியவன் கடிச்சது வரைக்கும்."

மச்சானின் மூக்கிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. உடனே நின்றது. கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் உன்னைத்தான் நெனச்சேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இல்லன்னா எதுக்கு ஒத்துக்கப் போறீங்க?"

வாசலில் யாரோ குடையை உதறினார்கள். விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டார்கள். மச்சான் ஒரு ஒயரை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அவ இருந்திருந்தா ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கேட்டிருப்பா" என்றார்.

"முதல்ல உங்களைத்தான்."

"என்னை ஏன்?"

"செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னதுக்கு."

"அப்புறம் உன்னை."

"அப்புறம் என்னை."

"உனக்குத்தான் நிறைய விழுந்திருக்கும். எனக்குச் சின்ன வயசுலேருந்து பழக்கம், ஓடிடுவேன்."

கேபிள் போனின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்தான். சின்ன எழுத்து. கண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தான். எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து ஓடின.

மச்சான் பார்த்தார். கையை நீட்டிப் போனை வாங்கினார். விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, எண்ணைத் தானே படிக்கத் தொடங்கினார். மெதுவாக, அவன் எழுதிக்கொள்ள நேரம் விட்டு.